ஒழுங்கும் ஒன்றாம் தேதியும்

கூரத்தில் எங்கள் தெருக்கோடி டீக்கடைக்கு நான் போவது டீக்காக அல்ல, அபிப்பிராயங்களுக்காக. டீ சுமார் ரகம். அபிப்பிராயங்கள் மட்டும் கொதிக்கக் கொதிக்கக் கிடைக்கும். அவற்றில் மிகவும் சூடானவை ஓய்வு பெற்ற ஹவில்தார் ஒருவருடையவை. இருபத்துநாலு வருஷம் பட்டாளத்தில் இருந்து விட்டு ஊர் திரும்பியவர். மீசையும் நடையும் இன்னும் திரும்பி வரவில்லை, பட்டாளத்திலேயே இருக்கின்றன.

2024 டிசம்பரில் ஒரு நாள் அவர் கைபேசியை என் மூக்குக்கு நேரே நீட்டினார். அமெரிக்காவிலிருந்து பேரன் அனுப்பிய படம். அந்த நாட்டின் ராணுவக் கல்லூரி மாணவர்களும் கடற்படைக் கல்லூரி மாணவர்களும் மோதும் புட்பால் பந்தயம். 1890-இல் ஆரம்பித்த பழம்பெரும் சண்டை அது. பெயர்தான் புட்பாலே தவிர, காலுக்கு அதில் வேலை குறைவு. பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒருவன் ஓட, நாலு பேர் விழுந்து அமுக்குகிறார்கள். நம் சடுகுடுவுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளலாம்.

"பாத்தீங்களா சார், எப்படி நிக்கறான் பாருங்க! ஒழுங்கு சார், ஒழுங்கு! பட்டாளத்தான் எந்த ஊர்லயும் ஜெயிக்கறது அதாலதான். நம்ம பசங்ககிட்ட அது இல்லே. அதான் சந்தோஷ் டிராபியிலே சர்வீஸஸ் நம்மள அடிச்சிட்டுப் போனான்" என்றார் ஹவில்தார்.

அவர் சொன்ன தோல்வி வாஸ்தவம்தான். 2012 மே மாதம் கட்டாக்கில் நடந்த இறுதி ஆட்டத்தில் முப்படை வீரர்களின் சர்வீஸஸ் அணியிடம் தமிழ்நாடு தோற்றது. 1941-இல் தொடங்கிய அந்தக் கோப்பையைத் தமிழ்நாடு இன்று வரை ஒருமுறைகூட வென்றதில்லை என்பதால், அந்தத் தோல்வி கொஞ்சம் அதிகமாகவே வலித்தது. வலித்த இடத்தில் நம் ஆட்கள் வழக்கம் போல் தடவிக்கொண்ட தைலம் இந்த ஒழுங்குப் பேச்சு. டீக்கடையில் மட்டுமல்ல, பரிசளிப்பு விழா மேடைகளிலும் இதையே கேட்டிருக்கிறேன். பையன்கள் தலையைக் குனிந்துகொண்டு நிற்பார்கள்; விருந்தினர் மாலையும் கழுத்துமாக நின்று, "சிப்பாயைப் பாருங்கள்! அவனைப் போல் காலையில் எழுந்திருங்கள்!" என்று முழங்குவார்.

இந்தப் பேச்சு பொய் என்பது என் கட்சி. பொய் மட்டுமல்ல, ஏழைப் பையனை அவமானம் செய்கிற பொய்.

பந்தாட்டத்தைப் பற்றி எழுத உனக்கு என்ன யோக்கியதை என்று கேட்கலாம். ஒரே ஒரு யோக்கியதை உண்டு. நான் நாவல் எழுதுகிறவன். கதாநாயகன் ஜெயித்தால் அவனுடைய குணத்தால் ஜெயித்தான் என்றும், தோற்றவன் தன் துர்க்குணத்தால் தோற்றான் என்றும் எழுதிப் பிழைப்பவர்கள் நாங்கள். ஆகையால் அந்த வியாதியை மற்றவர்களிடம் பார்த்தால் எனக்கு உடனே அடையாளம் தெரிந்துவிடுகிறது.

ஹவில்தார் அமெரிக்காவைச் சாட்சிக்கு அழைத்தார் அல்லவா? அந்தச் சாட்சியையே குறுக்கு விசாரணை செய்வோம்.

அமெரிக்க ராணுவக் கல்லூரி இருப்பது வெஸ்ட் பாயிண்ட் என்ற இடத்தில். 1944, 1945, 1946 ஆகிய மூன்று வருஷங்களிலும் அதன் அணி ஒரு பந்தயத்தில்கூடத் தோற்கவில்லை. 1946-இல் ஒரே ஓர் ஆட்டம் சமமாக முடிந்ததுதான் குறை. பிறகு அதே கல்லூரி 1973-இல் பத்து ஆட்டம் ஆடிப் பத்திலும் தோற்றது. 2003-இல் பதின்மூன்று ஆடி, பதின்மூன்றிலும் தோற்றது! 1945-இல் இருந்த ஒழுங்கு 2003-இல் எங்கே போயிற்று? பொத்தான் போடாமல் அணிவகுப்புக்கு வந்தார்களா? விடிந்த பிறகும் போர்த்திக்கொண்டு தூங்கினார்களா? அதெல்லாம் ஒன்றுமில்லை. அதே ஊதுகுழல், அதே அணிவகுப்பு, அதே தண்டனை. மாறியது வெளியே. யுத்த காலத்தில் மற்றக் கல்லூரிகளின் வாலிபர்கள் போர்முனைக்குப் போய்விட்டார்கள். பந்தாடத் தெரிந்தவர்கள் பலர் வெஸ்ட் பாயிண்ட்டில் வந்து சேர்ந்தார்கள். யுத்தம் முடிந்து பல வருஷங்கள் கழிந்து, விளையாட்டில் பணம் புரள ஆரம்பித்த பிறகு, படிப்பு முடிந்ததும் ஐந்து வருஷம் பட்டாளத்தில் கட்டாய சேவை என்ற நிபந்தனையைக் கேட்டதும் பெரிய ஆட்டக்காரன் வேறு கல்லூரி வாசலைப் பார்த்து நடந்தான்.

இன்று நிலைமை இன்னும் விசித்திரம். 2021-இலிருந்து அமெரிக்கக் கல்லூரி ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துச் சம்பாதிக்கலாம். லட்சக்கணக்கான டாலர் வாங்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். ராணுவக் கல்லூரி மாணவனுக்கு அந்த உரிமை கிடையாது. சாப்பாடும் படிப்பும் இலவசம், கைச்செலவுக்குச் சிறு படி, அவ்வளவுதான். அதாவது அங்கே சீருடை போட்டவன்தான் ஏழை. எதிரே நிற்பவன் பணக்காரன்.

ஆனால் அந்தச் சீருடைக்காரர்கள் தங்களுக்குள்ளே மோதும்போது பாருங்கள், வேடிக்கை! ராணுவம், கடற்படை, விமானப்படை ஆகிய மூன்று கல்லூரிகளும் தங்களுக்குள் ஆடி வெல்வதற்கென்றே 1972 முதல் ஒரு தனிக் கோப்பை இருக்கிறது. 1997 முதல் 2002 வரை ஆறு வருஷம் அது விமானப்படை வீட்டில். அப்புறம் ஏழு வருஷம் கடற்படை வீட்டில். ராணுவக் கல்லூரியோ 2002 முதல் 2015 வரை தொடர்ந்து பதினாலு வருஷம் கடற்படையிடம் உதை வாங்கிற்று. பிறகு எழுந்து 2017, 2018-இல் கோப்பையைத் தூக்கிற்று. 2024-இல் தான் புதிதாகச் சேர்ந்த போட்டித் தொடரில் ராணுவமே முதலிடம். அப்படிச் சாம்பியன் பட்டத்தோடு வந்து நின்றதை அடுத்த வாரமே கடற்படை 31-க்கு 13 என்று சாய்த்தது. ஹவில்தார் என்னிடம் காட்டியது அந்த ஆட்டத்தைத்தான். அவர் மெய்மறந்து பார்த்த ஒழுங்கு அன்று தோற்றுக்கொண்டிருந்தது என்று சொன்னேன். "ஜெயிச்சவனும் பட்டாளத்தான்தானே?" என்றார். வாதத்தில் அவரைப் பிடிப்பது சிரமம்.

சக்கரம் இப்படிச் சுற்றுவதற்குக் காரணம் என்ன? மூன்று பேர் கழுத்திலும் ஒரே நுகத்தடி. மூவருக்கும் அதே படிப்பு, அதே ஐந்து வருஷக் கட்டாயம், அதே இல்லாமை. ஒருவன் மற்றவனைப் பணத்தால் விலைக்கு வாங்க முடியாது. ஆகவே நல்ல பயிற்சியாளர் ஒருவர் வந்தால், புதிய ஆட்ட முறை ஒன்று கிடைத்தால், கீழே கிடந்தவன் மேலே வரலாம். எல்லா வருஷமும் சமமாக இராது. ஆனால் கதவு யாருக்கும் நிரந்தரமாகச் சாத்தப்படவில்லை. போட்டி என்று சொல்லத்தக்கது அதுதான்.

நம் நாட்டிலும் இந்த ருசியைக் கண்டிருக்கிறோம். 1888-இல் சிம்லாவில் ஆரம்பித்த டூராண்ட் கோப்பை வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கென்றே ஏற்பட்டது. 1940-இல்தான் கல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங், இந்தியக் கிளப்பாக முதல் தடவை அதை வென்றது. சுதந்திரத்துக்குப் பிறகு 1955-இல் அதை வென்றவர்கள் யார் தெரியுமா? நீலகிரி வெலிங்டனில் இருக்கும் மெட்ராஸ் ரெஜிமெண்டல் சென்டர். இறுதி ஆட்டத்தில் எதிரே நின்றது இந்திய விமானப்படை. 1958-இல் மறுபடியும் வெலிங்டன்காரர்களே. அந்தத் தடவை எதிரி கூர்க்கா பிரிகேடு. இரு பக்கமும் சீருடை, இரு பக்கமும் ஒரே சம்பளப் பட்டியல். அந்த வெலிங்டன் அணியில் கோல் காத்தவர் பீட்டர் தங்கராஜ். ஹைதராபாத்துக்காரர், 1953-இல் பட்டாளத்தில் சேர்ந்தவர், மெல்போர்ன், ரோம் இரண்டு ஒலிம்பிக்குக்கும் போனவர். 1960-61-இல் சர்வீஸஸ் முதன்முதலாகச் சந்தோஷ் டிராபியை வென்றபோதும் அவர் கைகள்தான் காவல்.

அப்புறம்? தங்கராஜ் பட்டாளத்தை விட்டுக் கல்கத்தாவின் பெரிய கிளப்புகளுக்குப் போனார். போனது தவறு என்று எந்த மூடனும் சொல்ல மாட்டான். திறமை உள்ளவன் சோறு இருக்கிற திசையில்தான் போவான். இதற்குப் பின் சர்வீஸஸ் சந்தோஷ் டிராபியை அடுத்த தடவை எப்போது வென்றது? 2012-இல். நம்மைத் தோற்கடித்த அதே ஆட்டத்தில்.

ஐம்பது வருஷத்துக்கு மேல்! இந்த ஐம்பது வருஷமும் நமது ஜவான்களுக்கு ஒழுங்கு இல்லையா? இரண்டு யுத்தம் ஜெயித்த காலம் ஐயா அது! பந்தாட்ட மைதானத்தில் மட்டும் ஒழுங்கு லீவில் போயிருந்ததா? பிறகு திடீரென்று அது லீவு முடிந்து வந்து, 2012 முதல் 2024 வரை ஆறு தடவை கோப்பையை அள்ளிக் கொடுத்ததா?

நடந்தது இதுதான். பெரிய கிளப்புகளும், 2014-க்குப் பிறகு இந்தியன் சூப்பர் லீகும், மாநிலங்களின் முதல் வரிசை ஆட்டக்காரர்களை எடுத்துக்கொண்டன. மாநில அணிக்கு மிஞ்சியவர்கள் வேலைக்கும் பந்துக்கும் நடுவில் கிழிபடுகிறவர்கள். சர்வீஸஸ் அணிக்காரனுக்கு அந்தக் கிழிசல் இல்லை. காலையில் மைதானம், மாலையில் மைதானம், ஒன்றாம் தேதி சம்பளம், காலில் அடிபட்டால் ராணுவ ஆஸ்பத்திரி. அமெரிக்காவில் சம்பாதிக்கிறவர்கள் நடுவே சம்பாதிக்க முடியாதவன் சிப்பாய். இங்கே நிச்சயமற்றவர்கள் நடுவே நிச்சயமான சம்பளக்காரன் சிப்பாய். அங்கே சீருடை பாரம். இங்கே சீருடை பலம். சீருடைக்குள் இருக்கும் ஒழுங்கு இரண்டு இடத்திலும் ஒன்றேதான். ஆகவே ஜெயிப்பது அது அல்ல, ஒன்றாம் தேதி.

இதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. "தமிழ்நாட்டிலே ஏழு கோடிப் பேர், பட்டாளத்திலே பத்துப் பன்னிரண்டு லட்சம். ஏழு கோடியிலே பதினோரு பேர் கிடைக்கலையா?" என்று ஹவில்தார் கேட்டார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பந்து ஆடுவது ஜனத்தொகை அல்ல. தினமும் ஒரே நேரத்தில் மைதானத்துக்கு வர முடிகிறவர்கள் எத்தனை பேர் என்பதே கணக்கு. அந்தக் கணக்கில் நாம்தான் சின்ன ராஜ்யம். தவிர, சர்வீஸஸ் ஒரு மாநிலமும் அல்ல. தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றையும் ஒன்றாகப் பிசைந்து, கேரளம், மணிப்பூர், மிசோரம், வங்காளம் என்று எல்லா ஊர்ப் பிள்ளைகளிலிருந்தும் பொறுக்கி எடுத்த பதினோரு பேர். டூராண்ட் கோப்பையில் மூன்று படைகளும் தனித்தனியே வந்து ஆடுகின்றன. சந்தோஷ் டிராபியில் மட்டும் ஏன் மூன்றும் ஒரே உடம்பில் வர வேண்டும்? தனித்தனியே வரட்டும். கடற்படையும் விமானப்படையும் முட்டிக்கொள்வதைப் பார்க்கவும் சுவாரஸ்யமாக இருக்கும், மாநிலங்களுக்கும் மூச்சு விட இடம் கிடைக்கும். இதை நான் எழுதினால் தேசத்துரோகம் என்று இரண்டு கடிதமாவது வரும். வரட்டும்.

எங்கள் மாவட்டத்து உத்திரமேரூர்க் கல்வெட்டை எல்லோரும் பெருமைக்கு மேற்கோள் காட்டுகிறார்கள், படிப்பவர்கள் குறைவு. பராந்தக சோழன் காலத்தில் 919-லும் 921-லும் எழுதியது. குடவோலைத் தேர்தலுக்கு நிற்பவன் யோக்கியமாக இருக்க வேண்டும் என்று உபதேசம் செய்துவிட்டு அந்தச் சபையார் வீட்டுக்குப் போய்விடவில்லை. முந்தைய மூன்று வருஷத்தில் வாரியத்தில் இருந்தவன் நிற்கக் கூடாது. கணக்குக் காட்டாதவன் நிற்கக் கூடாது. அவன் உறவுக்காரர்களும் இன்னின்னார் நிற்கக் கூடாது என்று கல்லில் வெட்டி வைத்தார்கள். சீட்டை எடுப்பதும் ஒன்றுமறியாத ஒரு சிறு பையன். நிலமுள்ளவனுக்கு மட்டும் இடம் கொடுத்த சபைதான் அது. அதைச் சொர்க்கமாக்கிக் காட்ட நான் வரவில்லை. ஆனால் நியாயம் சட்டத்தில் இருக்கிறது, பிரசங்கத்தில் இல்லை என்ற ஒரு சங்கதி அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆயிரத்து நூறு வருஷம் கழித்து நாம் பிரசங்கத்துக்குத் திரும்பிவிட்டோம்.

என்னை இவ்வளவு எரிச்சலோடு எழுத வைத்தது கோப்பை அல்ல. கோப்பை போகட்டும். இந்தக் கூரத்தில் பிறந்த கூரத்தாழ்வான், ஸ்ரீரங்கம் போகிற வழியில், மனைவி மடியில் மறைத்து எடுத்து வந்த பொன் வட்டிலையே காட்டில் தூக்கி எறிந்தவர் என்று கதை. கோப்பை இல்லாமல் வாழ எங்கள் ஊருக்குத் தெரியும். என்னை எழுத வைத்தவன் எங்கள் தெருப் பையன் ஒருவன். வயது பத்தொன்பது. கோல் காப்பவன். பள்ளிக்கூடத்தில் இருந்தபோது அவன் பாய்ந்து பிடிப்பதைப் பார்க்க நானே வேலையை விட்டுவிட்டுப் போய் நின்றிருக்கிறேன். எங்கள் பக்கம் ஏரி ஜில்லா. மைதானம் என்று தனியாக ஏது? ஏரி வற்றினால் மைதானம். ஏரி நிரம்பினால் கரையில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்க்க வேண்டியதுதான். மற்ற ஊர்களில் பந்தயக் காலம் களைகட்டும்போது எங்கள் கோல் கம்பம் இடுப்பளவு தண்ணீரில் நிற்கும்.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் அந்தப் பையன் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தக் கூலியாகச் சேர்ந்தான். கம்பெனி பஸ் வந்து அள்ளிக்கொண்டு போகும். ஒரு வாரம் காலை ஷிப்டு, ஒரு வாரம் மாலை, ஒரு வாரம் ராத்திரி. நேயர்கள் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வாரா வாரம் தூங்கும் நேரமே மாறுகிறவன் எந்தப் பயிற்சிக்கு எத்தனை மணிக்குப் போவான்? ராத்திரி ஷிப்டு முடிந்து காலை ஏழு மணிக்கு பஸ்ஸிலிருந்து இறங்கி, வீட்டுக்குப் போகாமல் ஏரிக்கரையில் அரை மணி நேரம் சுவரில் பந்தை உதைத்துப் பிடித்துவிட்டுப் போவான். நான் கண்ணால் கண்டது. அவனிடம் போய் ஒழுங்கைப் பற்றிப் பேசுகிறவர்களுக்கு முதலில் ஒரு வாரம் ராத்திரி ஷிப்டு கொடுக்க வேண்டும்.

இப்போது அவன் வேலையை விட்டுவிட்டான். விடியற்காலையில் தார் ரோட்டில் ஓடுகிறான். அக்னிவீர் ஆள் எடுப்புக்காக. 2022-இல் வந்த அந்தத் திட்டப்படி நாலு வருஷம் சேவை. அப்புறம் நூற்றுக்கு இருபத்தைந்து பேர் வரைதான் நிலைக்கலாம். மற்றவர்கள் ஒரு தொகையை வாங்கிக்கொண்டு வீடு திரும்ப வேண்டும். "எல்லைக் காவலுக்கா போறே?" என்று கேட்டேன். கொஞ்சம் வெட்கப்பட்டான். "அங்க போனா ஆட விடுவாங்களாம் பெரியப்பா. யூனிட் டீம் இருக்குதாம்" என்றான். ஒரு பையன் கோல் கம்பத்துக்கு நடுவில் நிற்பதற்காகத் துப்பாக்கி பிடிக்கச் சம்மதிக்கிறான். தேசத்தைக் காக்க வருகிறவன் அதற்காகவே வரட்டும். பந்து ஆட வேறு இடம் இல்லாததால் வர வேண்டாம். நாளை அவன் சர்வீஸஸ் அணியிலேயே சேர்ந்து தமிழ்நாட்டின் பந்தைத் தடுத்தான் என்றால், மேடை விருந்தினர் என்ன சொல்வார்? சிப்பாயின் ஒழுங்கைப் பாருங்கள் என்பார். அந்த ஒழுங்கு கூரத்து ஏரிக்கரைச் சுவரில் பந்து உதைத்துக்கொண்டிருந்தபோது அவர் எங்கே இருந்தார்?

சர்வீஸஸைத் தள்ளி வையுங்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் செய்தது சரி. ஆட்டக்காரனுக்குச் சோறு, தரை, நேரம் மூன்றையும் கொடுத்தார்கள், பலன் கண்டார்கள். இதே மூன்றை ஒன்றியத்துக்கு ஓர் இடத்திலாவது, சீருடை கேட்காமல், சர்க்கார் கொடுக்கட்டும். ஏரி நிரம்பினாலும் நனையாத மேட்டுநிலம் ஒன்று. மாலையில் வந்து நிற்க ஒரு பயிற்சியாளர். மாநில அணிக்குத் தேறியவனுக்குப் பன்னிரண்டு மாதமும் சிறு தொகை. இவ்வளவும் கொடுத்துவிட்டு, அதற்குப் பிறகும் தோற்றால், நானே மேடையேறி ஒழுங்கைப் பற்றி உபந்நியாசம் செய்கிறேன்.

இதையெல்லாம் டீக்கடையில் ஒரு மூச்சுச் சொல்லி முடித்தேன். ஹவில்தார் தம்ளரைக் கவிழ்த்து வைத்தார்.

"நீங்க சொல்றது இருக்கட்டும் சார். மேட்டுநிலம் வர்ற வரைக்கும் அந்தப் பையனுக்கு யாரு சோறு போடறது? அவன் ஓடட்டும். நான்தான் ஓட்டறேன். அதை நிறுத்திடாதீங்க."

நிறுத்தவில்லை. ஊராட்சிக்கு மைதானம் கேட்டு ஒரு மனு மட்டும் எழுதினேன். ஹவில்தார் இரண்டு தடவை படித்து, "கேட்டுக்கொள்கிறோம்" என்று இருந்த இடத்தில் "கோருகிறோம்" என்று திருத்தச் சொன்னார். முதல் கையெழுத்து அவருடையது. பெயருக்குப் பக்கத்தில் ரேங்க்கையும் போட்டிருக்கிறார். இதுவரை நாற்பத்திரண்டு கையெழுத்து ஆகியிருக்கிறது. பையனுடையது இன்னும் வாங்கவில்லை. நான் எழுந்து வெளியே வருவதற்குள் அவன் தினமும் ஓடிப் போய்விடுகிறான்.